வேரில் ஒளிந்த காரை: ஒளிர்வுக் கருவியுடன் ஆறு ஆண்டுகள்

ஈறு நோய்ச் சிகிச்சையில் நான் நெடுங்காலம் விரல் உணர்வை மட்டுமே நம்பியிருந்தேன். எக்ஸ்ப்ளோரர் என்னும் மெல்லிய கூர்முனைக் கருவியை, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே நோயால் ஆழமான ஈறுப் பைக்குள் இறக்கி வேரை வருட வேண்டும். சொரசொரப்புத் தட்டுப்பட்டால் காரை, அதாவது பல்லில் கெட்டிப்பட்ட படிவு, இருக்கிறது, தட்டுப்படாவிட்டால் இல்லை என்று கொள்ள வேண்டும். எங்களுக்குக் கற்றுத்தந்த முறை இதுதான். 1990இல் ஷெர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. சுத்தம் செய்த பற்களைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தபோது காரை தெரிந்த பரப்புகளில், 77.4 சதவீதத்தை மருத்துவர்கள் முன்பே தொட்டுப் பார்த்துக் காரையற்றவை என்று குறித்திருந்தார்கள். அதைப் படித்த பிறகே ஒளிர்வுக் கருவி ஒன்றை வாங்கினேன்.

இது 655 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை மெல்லிய முனை வழியாக வேரின் மேல் பாய்ச்சுகிறது. காரையில் தங்கியிருக்கும் பாக்டீரியாக்களின் போர்ஃபிரின்கள் என்னும் நிறமிகள் அந்த ஒளியை உள்வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் ஒளிர்கின்றன. அந்த ஒளிர்வின் அளவைக் கருவி எண்ணாகவும் ஒலியாகவும் அறிவிக்கிறது. சுத்தமான வேரில் எண் 5ஐத் தாண்டுவது அரிது; 40க்கு மேல் போனால் நான் காரை என்றே கொள்கிறேன். எண்ணைவிட ஒலியே எனக்கு அதிகம் உதவுகிறது, ஏனென்றால் பல்லிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதில்லை.

இதன் மதிப்பை எனக்கு உணர்த்தியது ஒரு மேல்தாடை முதல் முன்கடைவாய்ப் பல். அதன் வேரில், முன்பற்களை நோக்கிய பக்கத்தில் இயற்கையாகவே ஒரு குழிவு உண்டு. காரையைச் சுரண்டி எடுக்கும் கியூரெட் கருவியின் விளிம்பு அதற்குள் படியாமல் தாண்டிப் போய்விடும். அங்கே 7 மில்லிமீட்டர் ஆழப் பை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை சுத்தம் செய்தும், ஒவ்வொரு வருகையிலும் தொட்டவுடன் இரத்தம் கசிந்தது. விரலுக்கோ வேர் வழுவழுப்பாகவே இருந்தது. கருவியின் முனை குழிவைத் தொட்டதும் ஒலி உயர்ந்தது. முழுமையாகப் பெயராமல் என் கியூரெட்டாலேயே தேய்ந்து மழுங்கிய காரைப் படலம் அங்கே இருந்தது. சிறிய முனையுள்ள கியூரெட்டால் அதை நீக்கிய பின் கசிவு நின்றது. ஆறு மாதத்தில் பை 4 மில்லிமீட்டராகக் குறைந்தது. அந்த நோயாளியை முந்தைய ஒவ்வொரு முறையும் சுத்தமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

ஆனால் கருவி சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்க முடியாது. இரத்தம் நிறைந்த பைக்குள் அளவீடு நம்பத்தக்கதல்ல. நீரால் அலசி, கசிவு அடங்கும் வரை காத்திருக்கிறேன். வேர்ச் சொத்தை, பல் நிற அடைப்புப் பொருள், மெருகேற்றும் பசையின் எச்சம் ஆகியவையும் ஒளிர்வதால், பசையைப் பயன்படுத்துவதற்கு முன்பே அளந்துவிடுவது நல்லது. உடன் வரும் பீங்கான் வட்டில் வைத்து அளவீட்டைச் சரிபார்க்காமல் நான் நாளைத் தொடங்குவதில்லை.

எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு. சொரசொரப்பாகத் தோன்றும் இடத்தில் ஒலி எழாவிட்டால், அது எனாமலும் வேரும் சேரும் இயற்கை விளிம்பா என்று யோசித்துக் கையை நிறுத்துகிறேன். முன்பெல்லாம் அத்தகைய இடங்களைச் சுரண்டிச் சுரண்டி, வேரைப் போர்த்தியிருக்கும் நல்ல சிமெண்டம் அடுக்கை இழக்கச் செய்து, நோயாளிக்குக் குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் வரும்படி விட்டிருக்கிறேன்.

கடைவாய்ப் பற்களின் வேர்கள் பிரியும் கவட்டுக்குள் முனை சரியாக நுழைவதில்லை. அங்கே ஈறைத் திறந்தே சுத்தம் செய்கிறேன். அதுவும் முழு உத்தரவாதமல்ல. 1986இல் காஃபெஸி குழுவினர் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான பைகளை ஆராய்ந்தபோது, திறக்காமல் சுத்தம் செய்த பரப்புகளில் 32 சதவீதமும் திறந்து செய்தவற்றில் 50 சதவீதமும் மட்டுமே காரையற்று இருந்தன. ஆகவே ஈறைத் திறந்த நிலையிலும், தையல் போடுவதற்கு முன், அலசி உலர்த்திய வேரை ஒருமுறை இந்த முனையால் தொட்டுப் பார்க்கிறேன்.