ஏஆர்-15: பாலிமர் லோயரா, அலுமினிய லோயரா?

அமெரிக்காவில் ஏஆர்-15 ரைஃபிளைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்ப்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். விசையும் தோட்டாப் பெட்டியும் பொருந்தும் கீழ்ச்சட்டம்தான் லோயர் ரிசீவர், சுருக்கமாக லோயர். சட்டப்படி அதுதான் 'துப்பாக்கி'; வரிசை எண் அதில்தான் இருக்கும்.

எடை
அலுமினியம்: வெறும் லோயர் சுமார் 240 கிராம்.
பாலிமர் (பிளாஸ்டிக்): அதைவிட 100 கிராம் வரை குறைவாக இருக்கலாம். கனமான குழலை மாட்டினால் இந்த லாபம் போன இடம் தெரியாது.

உறுதி
அலுமினியம்: 7075-டி6 உலோகக் கலவையை அடித்து உருவாக்கியது. கவலையே இல்லை.
பாலிமர்: இங்கேதான் வடிவம் முக்கியம். பின்னுதைப்பைத் தாங்கும் சுருள்வில் இருக்கும் பஃபர் குழாயைத் திருகும் பின்வளையம்தான் பலவீனமான இடம். அலுமினிய வடிவத்தை அப்படியே பிளாஸ்டிக்கில் வார்த்தால், ரைஃபிள் கீழே விழும்போது அந்த வளையம் உடைய வாய்ப்பு அதிகம். கேஇ ஆர்ம்ஸ் நிறுவனத்தின் கேபி-15, லோயர், கைப்பிடி, ஸ்டாக் (தோளில் ஊன்றும் பின்கட்டை) மூன்றையும் கண்ணாடியிழை கலந்த நைலானில் ஒரே வார்ப்பாகச் செய்து அந்தச் சிக்கலையே நீக்கிவிட்டது. பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று சொல்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

வசதி
அலுமினியம்: ஸ்டாக், கைப்பிடி எதையும் மாற்றலாம்.
பாலிமர்: கேபி-15இல் ஸ்டாக்கின் நீளம் மாறாது. குளிரில் கன்னத்தில் சில்லிடாது என்பது சின்ன ஆறுதல்.

நாளெல்லாம் தோளில் சுமந்து நடப்பவருக்கு ஒரே வார்ப்புப் பாலிமர். உயரம் வேறுபட்ட பலர் பகிர்ந்து சுடும் ரைஃபிளுக்கு அலுமினியம். அலுமினிய வடிவத்தில் அப்படியே வார்த்த மலிவு பாலிமர் லோயரை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சேமிக்கும் காசு அவ்வளவு பெரிதில்லை.