60,000 கி.மீ. தாண்டிய எர்டிகா: சேலத்து ஆறு பேர் குடும்பத்தின் கணக்கு

2021-ல் எடுத்த மாருதி எர்டிகா, ஏழு சீட் கார், விஎக்ஸ்ஐ வேரியன்ட், பெட்ரோல், மேனுவல். ஓடோமீட்டர் 60,000-ஐத் தாண்டிவிட்டது. வீட்டில் ஆறு பேர்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. கார் எடுக்கப்போகிற சொந்தக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது மைலேஜ், அடுத்து சன்ரூஃப். ஏறி உட்காரப்போகிற பெரியவர்களுக்கு முட்டி எப்படி, மாதத்தில் எந்த ரோட்டில் அதிகம் போவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் வண்டியை முடிவு செய்தது அந்த இரண்டு விஷயம்தான், இத்தனை வருஷம் ஓட்டிய பிறகும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். பார்த்த ஒவ்வொரு வண்டியிலும் அவரைத்தான் முதலில் ஏறச் சொன்னேன். தாழ்வான ஹேட்ச்பேக்கில் ஏறுவது பிரச்சினை இல்லை, பொத்தென்று விழுந்துவிடலாம், இறங்கும்போதுதான் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. உயரமான எஸ்யூவியில் கதை நேர்மாறு, கால் தூக்கி வைக்கவே முடியவில்லை, சைடு ஸ்டெப் போட்டுத் தருகிறோம் என்றார்கள், அதில் ஏறிப் பார்த்துவிட்டு "நான் பஸ்ஸிலேயே வந்துக்கிறேன்டா" என்றார். எர்டிகாவில் சீட் ஏறக்குறைய இடுப்பு உயரம். முதுகைக் காட்டி சீட்டில் உட்கார்ந்து, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டார். யார் கையும் தேவைப்படவில்லை. பின்கதவும் அகலமாகத் திறக்கிறது. எந்த பிரோஷரிலும் இந்த விஷயத்துக்கு ஒரு வரி கிடையாது.

அடுத்தது ரோடு. எங்களுக்கு நான்கு வகை ரோடு. தினமும் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி பக்கத்து டவுன் நெரிசல். மாதம் ஒருமுறையாவது உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை. அவ்வப்போது தொப்பூர் தாண்டி பெங்களூரு. அப்புறம் மலை: ஏற்காடு, வருஷத்துக்கு ஒருமுறை குலசாமிக்காகக் கொல்லிமலை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. ஆறு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய பிறகு வண்டி எப்படி இழுக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் டெஸ்ட் டிரைவுக்குக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போனேன். சேல்ஸ் பையன் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்தச் சமயத்தில் ஏழு சீட்டில் இதைவிட மலிவாகக் கிடைத்தவற்றில் ஒன்று ரெனோவின் டிரைபர். நான்கு மீட்டர் நீளத்துக்குள் ஏழு சீட்டை அடக்கியது சாமர்த்தியம்தான், மூன்றாவது வரிசை சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டும் போகலாம். ஆனால் அது 1 லிட்டர் எஞ்சின், சக்தி 72 பிஎஸ் (குதிரைசக்தி மாதிரி ஓர் அளவு), இழுவை 96 என்எம். எர்டிகாவுக்கு 1,462 சிசி, 105 பிஎஸ், 138 என்எம். டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. கொல்லிமலைக்கு ஆறு பேரோடு போகிறவர்களுக்கு அதுதான் எல்லாமே. எர்டிகாவே மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்துவிட்டால் முதல் கியர், இரண்டாவது கியர் என்றுதான் ஏறும். மேலிருந்து பஸ் இறங்கி வந்தால் வளைவில் நிறுத்தி வழிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்கிற ஹில் ஹோல்ட் என் வேரியன்ட்டில் கிடையாது, ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, கிளட்ச் கடிக்கும் இடம் வந்ததும் மெதுவாக விட்டுத்தான் எடுப்பது. ஒருமுறை கிளட்ச் வாடை வந்தபோது ஓரங்கட்டி எல்லாரையும் டீ குடிக்க இறக்கிவிட்டேன்.

இந்த எஞ்சினுக்கு இழுவை நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு (ஆர்பிஎம்) மேல்தான் முழுசாக வருகிறது. சேலம் - உளுந்தூர்பேட்டை ரோட்டில் இது நன்றாகவே தெரியும். நான்கு வழிச்சாலை என்று டோல் வாங்கிக்கொண்டு, வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி பைபாஸ்களை மட்டும் பல வருஷம் இருவழியாகவே வைத்திருந்தார்கள். அங்கே லாரியை முந்துவது என்றால் ஐந்தாவது கியரில் மிதித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, மூன்றாவதுக்கு இறக்கிவிட்டு எஞ்சின் கத்தினாலும் பரவாயில்லை என்று மிதிக்க வேண்டும். அந்தக் கத்தல் பிடிக்காதவர்களுக்குக் குறைந்த சுற்றிலேயே இழுக்கிற டர்போ வண்டிதான் சரி. தொப்பூர் இறக்கத்தில் இதற்கு நேர்மாறு. தர்மபுரியிலிருந்து வரும்போது மூன்றாவது கியரிலேயே விட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்க வேண்டியதில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் லாரியை இறக்குகிறவர்களால் அங்கே எத்தனை விபத்து என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மைலேஜுக்கு வருகிறேன். கம்பெனி சொன்னது லிட்டருக்கு 19.01 கி.மீ. டவுனில் எனக்கு 12, 13. ஹைவேயில் 90-ல் நிதானமாகப் போனால் 17 வரை வரும், முன்பு 110-ல் போனபோது 15. மலையில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், அதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது, குறையத்தான் செய்யும், எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

டீசல் எடுத்திருக்கலாமே என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகை மாசு விதி வந்ததோடு மாருதி டீசலை நிறுத்திவிட்டது, வேறு கம்பெனியில்தான் போயிருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்கு 12,000 கி.மீ. லிட்டருக்கு 15 கிடைத்தால் 800 லிட்டர் பெட்ரோல், 100 ரூபாய் என்றால் 80,000. டீசலில் 20 கிடைத்தால் 600 லிட்டர், 92 ரூபாய் வீதம் 55,200. மிச்சம் வருஷத்துக்கு 25,000-க்குள். வாங்கும்போதே டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூடக் கொடுத்தால் அதை எடுக்கவே ஆறு வருஷம். போதாததற்கு பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் இருக்கிறது, புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொள்கிற வடிகட்டி. அந்தக் கரி எரிய வண்டி அவ்வப்போது சூடாகத் தொடர்ந்து ஓட வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். வருஷத்துக்கு 25,000 கி.மீ. ஓடுகிறவருக்கு டீசல் சரி, எங்களுக்கு இல்லை. சி.என்.ஜி. எர்டிகாவில் சிலிண்டர் டிக்கியை எடுத்துக்கொள்கிறது, மலையில் இழுவையும் குறையும், அதனால் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

டிக்கி பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வரிசையையும் நிமிர்த்தினால் 209 லிட்டர், நடுத்தர சூட்கேஸ் ஒன்று, நான்கைந்து கட்டைப்பை, அவ்வளவுதான். ஏழு பேர், ஏழு பேருடைய சாமான் இரண்டும் சேர்ந்து போகாது. நாங்கள் கடைசி வரிசையில் ஒரு சீட்டை மடக்கிவிட்டு, இன்னொன்றில் சின்னவனை உட்கார வைக்கிறோம். ஆறு பேருக்கு இது கச்சிதம். அந்தச் சீட்டில் வளர்ந்தவர்கள் உட்கார்ந்தால் முட்டி நெஞ்சுக்கு வரும், ஆத்தூர் வரை தாங்கலாம், சென்னை வரை முடியாது. மலையில் கடைசி வரிசைக்காரருக்குத்தான் முதலில் குமட்டும், எலுமிச்சம்பழமும் கவரும் சீட் பாக்கெட்டில் எப்போதும் இருக்கும். நடு வரிசைக்கு மேலே கூரையில் இருக்கும் ஏசி மே மாதத்துச் சேலத்தில் பெரிய உபகாரம். ஆனால் சிக்னலில் எஞ்சின் தானாக நின்றுவிடுகிற ஏற்பாடு ஒன்று இருக்கிறதே, அது வெயிலில் உபத்திரவம், காற்று உடனே சூடாகிவிடும். ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் பட்டனை அழுத்தி அதை அணைப்பது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

தரையிலிருந்து உயரம் 180 மி.மீ. என்று காகிதத்தில் இருக்கிறது, அது காலி வண்டிக்கு. ஆறு பேரோடு கிராமத்து வேகத்தடையில் நேராக ஏறினால் அடி தட்டும், சாய்வாக ஏற்றினால் தப்பிக்கலாம்.

பராமரிப்பில் பெரிய தொல்லை இல்லை. 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ், இடையில் பிரேக் பேட், டயர், பேட்டரி. ஆனால் வாங்கிய ஷோரூமில் இன்சூரன்ஸ் எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று நின்றார்கள், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகையும் பில்லில் இருந்தது. வெளியே இன்சூரன்ஸ் எடுப்பது நம் உரிமை, எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டதும் இரண்டையும் விட்டுவிட்டார்கள்.

பாதுகாப்பைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் 2019-ல் இதற்கு ஐந்துக்கு 3 நட்சத்திரம். விதிகளைக் கடுமையாக்கிய பிறகு, இங்கே தயாரித்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற எர்டிகாவை 2024-ல் மோதிப் பார்த்தபோது பெரியவர்கள் பாதுகாப்புக்கு 1 நட்சத்திரம். என் வண்டியில் ஏர்பேக் இரண்டுதான், இப்போது வருவதில் ஆறு. இது உங்களுக்கு முதல் விஷயம் என்றால் இதே மாதிரி இந்தியாவில் நடக்கும் பாரத் என்கேப் சோதனையின் பட்டியலைப் பார்த்துவிட்டு வேறு வண்டிக்குப் போங்கள், நான் தடுக்க மாட்டேன். நான் கடைசி வரிசையிலும் பெல்ட் போடச் சொல்லிவிட்டு, இப்போதெல்லாம் 90-ஐத் தாண்டாமல் ஓட்டுகிறேன்.

இப்போது வாங்குகிறவர்கள் பட்ஜெட் போடும்போது வரியைத் தனியாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சம் முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம் சாலை வரி, 10-ஐத் தாண்டி 20 லட்சம் வரை 18. 9.90 லட்சம் வண்டிக்கு ஏறக்குறைய 1.29 லட்சம், 10.10 லட்சம் வண்டிக்கு 1.82 லட்சம். அலாய் வீலுக்கு ஆசைப்பட்டு அடுத்த வேரியன்ட்டுக்குப் போனால் வரியிலேயே 50,000 போய்விடும். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டியும் மாறிவிட்டது: நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், எர்டிகா மாதிரி அதைத் தாண்டியதற்கு 40. வீட்டில் நான்கே பேர், மலை எப்போதாவதுதான் என்றால் இந்த வித்தியாசத்தைக் கொடுத்து ஏழு சீட் வாங்குவதில் அர்த்தமே இல்லை, சீட் உயரம் சரியாக இருக்கிற ஒரு சின்ன வண்டி போதும்.

எர்டிகாதான் என்று முடிவு செய்துவிட்டால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் டேப்பை எடுத்துப் போர்டிகோவை அளந்துவிடுங்கள். என் 2021 வண்டியின் நீளம் 4,395 மி.மீ., அதாவது 14 அடி 5 அங்குலம். எங்கள் தெருவில் ஒருவர் 14 அடி போர்டிகோவில் இதைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கேட்டைத் திறந்தே வைத்திருந்தார், பிறகு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டையே வெளிப்பக்கமாகத் தள்ளி மாட்டினார்.