பழைய ஸ்டீல் ரோடு பைக்கில் சோரா கியர் செட்
ஷிமானோ கம்பெனியின் சோரா 9 ஸ்பீடு (பின்னால் ஒன்பது கியர்) செட்டை என் பழைய ஸ்டீல் ரோடு பைக்கில் மாட்டியாச்சு, கோத்தகிரி ஏறுகிறவர்களுக்கு இது உருப்படியான செலவுங்க. முன்பு கியர் மாற்ற ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்து டவுன்டியூப் (ஃபிரேமின் கீழ்ச் சாய்வுக் குழாய்) வரை குனிய வேண்டும், கொண்டை ஊசி வளைவில் அது ஆகிற காரியமா? இப்போது பிரேக் லிவரிலேயே விரலால் ஒரு தட்டு, டக்கென்று விழுகிறது. முன்னால் 50, 34 பல் உள்ள இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 முதல் 34 பல் வரை, அதாவது 34-க்கு 34 என்ற ஆக லேசான கியரில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்றுதான், மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் பிடிக்கும்போது முட்டிக்கு அவ்வளவு நிம்மதி.

என் பழைய ஃபிரேமில் பின் சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மி.மீ., புது ஹப்புக்கு (சக்கரத்தின் நடு அச்சுப் பகுதி) 130 வேண்டும். ஸ்டீல் என்பதால் கோயமுத்தூர் பட்டறையில் அளந்து அளந்து விரித்துக் கொடுத்தார்கள். அலுமினியம், கார்பன் ஃபிரேமில் இதைச் செய்யவே கூடாது. அப்புறம், டவுன்டியூப்பில் பழைய கியர் லிவர் இருந்த இடத்தில் மாட்டி கேபிள் உறையைப் பிடிக்கிற கேபிள் ஸ்டாப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.