போர்க்கப்பல் ரோந்தா, கப்பலிலேயே ஆயுதக் காவலா?
சோமாலியக் கடற்கொள்ளை 2011-க்குப் பின் சரிந்ததற்கு இவ்விரண்டும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2008 டிசம்பரிலேயே கடற்படை ரோந்தைத் தொடங்கியிருந்தபோதும், கொள்ளையர் பிடித்துவைத்த கப்பல்களை, சிறு தாக்குதல் படகுகளை இறக்கிவிடும் தாய்க்கலங்களாக்கி நடுக்கடல் வரை வந்ததால், அபாய அழைப்பைக் கேட்டுப் போர்க்கப்பல் போய்ச் சேருவதற்குள் பல வேளைகளில் ஏணி சாத்தி ஏறிவிட்டார்கள். துப்பாக்கியேந்திய காவலர் மேல்தளத்தில் நின்றாலோ, எச்சரிக்கை வேட்டிலேயே படகு பெரும்பாலும் திரும்பிவிடும்; தடுப்பதற்கு இதுவே மேல் என்பது என் கணிப்பு. செலவு கப்பல் உரிமையாளர் தலையில் விழும் என்பது ஒருபுறமிருக்க, ஆள் தெரியாமல் சுடும் ஆபத்தும் உண்டு: 2012 பிப்ரவரியில் கேரளக் கடலருகே, என்ரிகா லெக்ஸி எண்ணெய்க் கப்பலில் காவலிருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் மீனவர் இருவர் இறந்தார்கள். பிடிபட்ட கப்பலை மீட்கவோ கடற்படைதான் வேண்டும். 2024 மார்ச்சில் ரூயன் கப்பலிலிருந்து 17 மாலுமிகளை மீட்டு, 35 கொள்ளையரைப் பிடித்தது இந்தியக் கடற்படை.