கொலிகோவிஷன்: டாங்கி காங்குக்காக வாங்கலாம், பவர் சுவிட்சைப் பார்த்து வாங்குங்கள்

செருப்புப் பழுது பார்ப்பவர்களுக்குத் தோல் சாமான் விற்க 1932-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தொடங்கிய கம்பெனி கொலிகோ. பிறகு பொம்மைக்கு மாறி, 1982 ஆகஸ்டில் டிவியில் மாட்டி ஆடும் கொலிகோவிஷன் வீடியோ கேம் கன்சோலை இறக்கியது. 1988-இல் திவால், சொத்துகளைப் பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ வாங்கிக்கொண்டது. பெட்டி மட்டும் பழைய சாமான் சந்தையில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

இதை வாங்க முதல் காரணம், கூடவே கொடுத்த டாங்கி காங் ஆட்டம். ஆர்கேடில், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் உள்ள நான்கு கட்டங்களில் மூன்று இதில் உண்டு. கன்வேயர் ஓடும் சிமென்ட் தொழிற்சாலைக் கட்டம் மட்டும் இல்லை. ஆர்கேட் திரை நெடுக்கு, டிவி குறுக்கு என்பதால் உயரம் கொஞ்சம் நசுங்கியிருக்கும். ஆனாலும் ஏணியில் ஏறும்போதும் பீப்பாயைத் தாண்டும்போதும் கை பழகிய அதே ஆட்டம்தான். இதே கொலிகோ, போட்டிக் கன்சோலான அடாரி 2600-க்குச் செய்த டாங்கி காங்கில் இரண்டே கட்டங்கள். அதை வைத்து இந்தக் கம்பெனியை எடை போடாதீர்கள்.

உள்ளே 3.58 மெகாஹெர்ட்ஸ் இசட்80 பிராசஸர், படத்துக்குத் தனியாக 16 கிலோபைட் நினைவகம். அந்தக் காலத்து வீட்டுக் கன்சோலுக்கு இது தாராளம். குறை வீடியோ சிப்பில்தான். ஒரே கிடைவரிசையில் நான்கு உருவங்களுக்கு மேல் காட்டாது, அதனால் கூட்டம் சேர்ந்தால் படம் மினுக்கும். திரையை வழுக்கி நகர்த்தும் வசதியும் கிடையாது. ஸாக்ஸன் என்ற ஆட்டம் தத்தித் தத்தி நகர்வது அதனால்தான். ஒரே திரைக்குள் முடியும் லேடி பக், மிஸ்டர் டூ இரண்டும் அருமை. லேடி பக்கைத் தவற விடாதீர்கள்.

வாங்கும்போது படத்தில் குப்பை எழுத்து, கோடு தெரிந்தாலோ, சுவிட்சைத் தொட்டால் ஆட்டம் மறுபடி தொடங்கினாலோ, முதல் சந்தேகம் பவர் சுவிட்ச் மேல். பெட்டிக்கு +5, -5, +12 என மூன்று வோல்டேஜ் வேண்டும். மூன்றும் அந்தச் சுவிட்ச் வழியாகத்தான் போகின்றன. உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் கெட்டு, தொடுமுனைகள் கறுத்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, சுவிட்சை இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். சரியாகவில்லையா, சால்டரை எடுத்துச் சுவிட்சைப் பிரித்து, கிரீஸை வழித்து, செம்பு தெரியத் துடைக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்: -5 வராமல் ஓடினால் 4116 ரகப் பட நினைவகச் சிப்புகள் எரியலாம். மொத்தம் எட்டுச் சிப். எது போனது என்று தேடி மாற்றுவது பெரிய வேலை.

சுவிட்சைப் போட்டதும் கொலிகோவிஷன் என்ற பெயர் பத்துப் பன்னிரண்டு விநாடி அப்படியே நிற்கும். அது பழுது இல்லை. பிறகு வரும் ஆட்ட நிலைப் பட்டியலில் 1 முதல் 8 வரை கன்ட்ரோலரின் எண்பலகையில் அழுத்தித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே எண்பலகை செத்த கன்ட்ரோலரோடு விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஆட்டம் முடிந்ததும் நட்சத்திரப் பொத்தான் அதே ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குகிறதா, # பொத்தான் பட்டியலுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். குட்டை ஜாய்ஸ்டிக் விரலை நோகடிக்கும். அடாரி ஜாய்ஸ்டிக்கைச் சொருகி ஆடலாம், ஆனால் எண்பலகைக்கு இந்தப் பெட்டியின் கன்ட்ரோலர்தான் வேண்டும்.

அமெரிக்காவில் விற்ற பெட்டியில் படம் வெளியே வருவது பழைய ஆன்டெனா இணைப்பில் மட்டும், அதுவும் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில். இந்தியாவில் விற்ற, பால் (PAL) என்ற வேறு முறையில் ஓடும் பழைய டிவி பலவற்றில் சரியாக வராது. ஆன்டெனா இணைப்புக்குப் பதில் டிவியின் வீடியோ துளைக்கு நேரே படம் அனுப்பும் காம்போசிட் மாற்றம் செய்த பெட்டி கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

1983-இல் வந்த கொலிகோவின் ஆடம் கம்ப்யூட்டரைச் சேர்த்து விற்றால் யோசியுங்கள். பவர் சப்ளை பிரின்டருக்குள் இருக்கிறது. பிரின்டர் போனால் எல்லாமே போச்சு. டேப்பை உள்ளே விட்டுப் பவர் போட்டால் அதில் உள்ளது அழிந்துபோகலாம், எனவே பவர் போட்ட பிறகே டேப்பைச் செருகுங்கள்.