செம்மண் என்ற பெயரில் இறங்கும் லோடுகள்: வீட்டுத்தோட்டம் போடுவோர் கவனத்துக்கு

கோவைக்குக் கிழக்கே, சூலூர் பக்கம் வீடு கட்டிய பிறகு மிஞ்சிய இரண்டு சென்ட் இடத்தில் தோட்டம் போடுவதற்காக, 2023ஆம் ஆண்டு ஆடி மாதம் நான்கு டிப்பர் செம்மண் வாங்கினேன். ஒரு டிப்பரில் இரண்டு யூனிட், அதாவது 200 கன அடி. நான்குக்கும் சேர்த்து 28,000 ரூபாய் கொடுத்தேன். பணம் போனதைவிட, இரண்டு பருவம் வீணானதும், மாமியார் தம் ஊரிலிருந்து வேரோடு கொண்டுவந்து கொடுத்த கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போனதும்தான் எனக்குப் பெரிய வருத்தம்.

எங்கள் மனை கரிசல். மண் விற்க வந்தவர் அதைப் பார்த்ததும், "கரிசல்ல வேர் அழுகிப் போயிருங்க, ஓரடிக்குச் செம்மண் போர்த்திட்டீங்கன்னா எதை வெச்சாலும் வரும்" என்று உறுதியாகச் சொன்னார். மண் பரிசோதனைத் தாள் ஒன்றையும் காட்டினார். அது எந்த இடத்து மண், எந்த ஆழத்தில் எடுத்தது என்ற விவரம் அதில் இல்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

ஐப்பசி மழையில் மேற்பரப்பு ஓடு கட்டியது. செம்பருத்தியிலும் எலுமிச்சையிலும் புதிய இலைகள் மட்டும், நரம்புகள் பச்சையாக இருக்க, மஞ்சளாக வெளுத்தன. அவரிடம் கேட்டபோது தழைச்சத்துக் குறை என்று சொல்லி, 1,400 ரூபாய்க்கு ஒரு டானிக்கையும் விற்றார். தழைச்சத்து குறைந்தால் முதலில் வெளுப்பவை அடியிலுள்ள முதிர்ந்த இலைகள். இளந்தளிர் நரம்பிடையே வெளுப்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறையின் அடையாளம். செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடால் வருவதாயிற்றே, அதில் எப்படி இரும்பு குறையும் என்று நானும் குழம்பினேன். மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து கார அமில நிலை (pH) எட்டைத் தாண்டும்போது, இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காத வடிவில் முடங்கிவிடுகிறது.

அதன் பிறகே இரண்டு மண்ணையும் தனித்தனியாகப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். விலைக்கு வாங்கிய மண்ணில் கார அமில நிலை 8.4, மட்கின் அளவைக் காட்டும் அங்ககக் கார்பன் 0.18 விழுக்காடு. 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் போனாலே குறைவு என்று கணக்கிடுவார்கள். நான் மூடிவைத்த கரிசலிலோ 8.1, 0.6 என்று வந்தது. வாங்கிய மண்ணைச் சலித்தபோது சுக்கான் கற்கள், அதாவது சுண்ணாம்புக் கட்டிகள், வந்தன. வினிகர் விட்டதும் நுரைத்தது, சுண்ணாம்பு இருப்பதன் அடையாளம் அது. எங்கோ ஆழமாகத் தோண்டிய குழியின் அடிமண்ணைத்தான் எனக்குத் தோட்ட மண்ணாக விற்றிருக்கிறார்கள்.

செம்மண் என்பது ஒரு நிறத்தின் பெயர். மண்ணியலில் வகைப்பாடு நிறத்தோடு முடிவதில்லை. ரஷ்யாவின் கருமண்ணை ஆராய்ந்து 1883இல் நூல் வெளியிட்ட மண்ணியலாளர் தக்குசாயேவ் காலத்திலிருந்தே, மண்ணை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகப் பார்த்து வகைப்படுத்தும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நம் மாவட்டத்து மண் இருகூர்த் தொடர், பாலத்துறைத் தொடர், பெரியநாயக்கன்பாளையத் தொடர் என்றெல்லாம் ஊர்ப் பெயர்களால் குறிக்கப்படுவதும் இப்படி அடுக்குகளைப் படித்த பிறகே. ஆகவே ஒரு வகைப்பெயர், இருந்த இடத்தில் இருந்தபடி கிடக்கும் முழு மண்ணுக்கு உரியது. மட்கு சேர்ந்த மேல்மண்ணையும் சுண்ணாம்பு படிந்த அடிமண்ணையும் பொக்லைன் ஒன்றாக வாரி டிப்பரில் கொட்டிய பிறகு, அந்தப் பெயரைச் சொல்லி விற்பதில் பொருளே இல்லை.

கரிசலைப் பற்றி மண் விற்றவர் சொன்னதும் பாதிதான் உண்மை. 0.002 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய களித்துகள்கள் அதில் மிகுதி. அவை நீரை வாங்கி உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். நீர் தேங்குவதுதான் குறை என்றால் மேட்டுப்பாத்தி அமைத்து வடிகால் வெட்டுவது போதும். அதன்மேல் வேறு தன்மையுள்ள மண்ணைப் போர்த்தினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீர் இறங்காமல் நிற்கும். பட்டுப்போன கன்றைப் பிடுங்கியபோது, வேர்கள் ஓரடி ஆழத்தில் பக்கவாட்டில் மடங்கி அழுகியிருந்ததைக் கண்ணால் கண்டேன்.

மண் வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள், லோடு இறங்குவதற்கு முன்பே ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். முந்தைய நாளே மாதிரி கேட்டு வாங்கி, கண்ணாடிப் பாட்டிலில் நீரோடு குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். எந்த நிலத்தில், எத்தனை அடி ஆழத்தில் எடுத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். அரை கிலோ மாதிரியை மண் பரிசோதனை நிலையத்தில் நீங்களே கொடுத்து முடிவு பெறுங்கள். விற்பவர் நீட்டும் தாளை நம்பாதீர்கள்.

இறக்கிய மண்ணைத் திரும்ப எடுக்க முடியாது என்று எனக்கு விற்றவர் சொல்லிவிட்டார். அதன்பின் அவர் என் அழைப்பையே ஏற்பதில்லை. ஆள் வைத்து அந்த மண்ணை வாரிச் சுற்றுச்சுவர் ஓரம் குவித்துவிட்டு, கரிசலில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுதேன். குவியலை அடித்தளம் நிரப்பக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். செடி வைக்க வேண்டும் என்று வந்த இருவருக்கு, பரிசோதனை முடிவைக் காட்டி மறுத்து அனுப்பினேன்.