கிருஷ்ணகிரியில் ஒரு மாலை நேர மையம்: குடும்பங்களுக்குக் கைகொடுக்கிறது, வளர்ந்த பையன்களைக் கைவிடுகிறது

கிருஷ்ணகிரி நகரின் ஓரத்தில், கூலித் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழும் ஒரு குடியிருப்பில், மகளிர் சுய உதவிக் குழுவினர் தங்கள் கூட்ட அறையையே மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்குமான மையமாக நடத்தி வருகிறார்கள். விளம்பரத்தை அவர்கள் விரும்பாததால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஓட்டுக் கூரையுடன் ஓர் அறை, முன்புறம் தகரக் கொட்டகை, அவ்வளவுதான் இடம். கட்டணம் எதுவும் இல்லை.

மையம் மாலையில் தொடங்கி இரவு எட்டரை வரை திறந்திருக்கிறது. இந்த நேரத் தேர்வே அதன் முதல் சிறப்பு என்பேன். தந்தை பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. தாய் ஓசூர்க் கம்பெனி பேருந்திலோ, மாம்பழப் பருவமானால் கூழ் ஆலையிலோ இருப்பார். பள்ளி விட்டதிலிருந்து தாய் வீடு திரும்பும் வரை பிள்ளைக்கு யாரும் இல்லாத அந்த இடைவெளியைத்தான் மையம் நிரப்புகிறது. வீட்டில் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகள் பலர் வருவதால், தமிழ் வாசிப்பைத் தொடங்கும் முன் அவரவர் மொழியில் விளக்கம் சொல்லக்கூடிய அக்காமார்களை அமர்த்தியிருப்பது பொருத்தமான ஏற்பாடு. சுண்டலும் உண்டு, உப்புதான் சற்றுத் தூக்கல்.

ஆனால் நான் மிகவும் மதிப்பது சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் விண்ணப்ப உதவியை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றோடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவையும் இங்கே கவனிக்கிறார்கள். வாரியப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையும் நின்றுபோகும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கான வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள். இணையவழி விண்ணப்பங்கள் பெரும்பாலும் தடைப்படுவது ஓ.டி.பி.யில்தான்: பதிவு செய்த கைபேசி தந்தையோடு பெங்களூரில் இருக்கும். எந்தக் குடும்பத்தின் எண் யாரிடம் இருக்கிறது, அவர் எப்போது ஊருக்கு வருவார் என்று இவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். அலுவலகங்களில் இத்தகைய முன்யோசனையை நான் கண்டதில்லை.

குழந்தைத் திருமணப் பேச்சு எழும்போதும் இவர்கள் ஒதுங்கிக்கொள்வதில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வயது வரம்பை எடுத்துச் சொல்லி முதலில் குடும்பத்தோடு பேசுகிறார்கள். நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்துவிடுகிறார்கள். இதனால் சில உறவினர்களின் பகை வந்திருக்கிறது. அதற்காக வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

குறை பெரிது, அதை மறைக்கக் கூடாது. பத்தாம் வகுப்பில் தவறிய பையன்களுக்கு இங்கே ஒரு கேரம் பலகையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆடுகிறார்கள், போகிறார்கள், சில மாதங்களில் கிரானைட் பட்டறைக்கோ ஒப்பந்த வேலைக்கோ சென்றுவிடுகிறார்கள். பெண்களின் விண்ணப்பத்துக்கு இத்தனை அக்கறை காட்டுபவர்கள், துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளையும் ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பையும் ஏன் அதே நோட்டில் எழுதி வைப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. கழிப்பறையும் இல்லை, இருட்டிய பிறகு மாணவிகள் வீடு வரை போய்வர வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில். 2004 வரை கிருஷ்ணகிரியும் அதில்தான் இருந்தது. குழுக்களின் கணக்குச் சொல்லும் பழக்கம் இங்கேயும் தெரிகிறது. சுண்டல் செலவு உட்பட மாதக் கணக்கைக் கூட்டத்தில் உரக்க வாசித்துவிட்டுக் கதவில் ஒட்டுகிறார்கள். நன்கொடை தர நினைப்பவர்கள் பழைய துணியையும் பாதி எழுதிய நோட்டையும் கொண்டுபோக வேண்டாம். இப்போது தேவைப்படுவது ஓர் அச்சுப்பொறி, கழிப்பறைக்கான செங்கல், சிமெண்ட். விண்ணப்ப உதவிக்குச் செல்பவர்கள் அசல் சான்றுகளோடு, ஆதாரில் பதிந்த எண் உள்ள கைபேசியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஏழு மணிக்குப் பிறகு சென்றால் அடுத்த சனிக்கிழமைதான்.